யாருக்கு சுகம்?

குழந்தை பிறந்துவிட்டது என்று போன் வந்தால் நம்மூரில் முதல் கேள்வி, ‘என்ன குழந்தை?’ இரண்டாவது கேள்வி, ‘சுகப்பிரசவமா, ஆபரேஷனா?’ மூன்றாவது, எடை எவ்வளவு. நான்காவது, யார் ஜாடை. பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்பது அதற்கப்புறம், ஞாபகம் இருந்தால்.

அந்த இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். சுகப்பிரசவம் என்றால் கத்தி படாத பிரசவம் என்று நாமாக ஓர் அர்த்தம் பண்ணி வைத்திருக்கிறோம். ஒருத்தி ஒரு பகல் ஒரு ராத்திரி முழுக்க இடுப்பு வலியில் துடித்திருப்பாள். கூட யாரையும் விட்டிருக்க மாட்டார்கள். கத்தினதற்காகத் திட்டும் வாங்கியிருப்பாள். தையலோடு வெளியே வருவாள். அது சுகம். இன்னொருத்திக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தாயும் பிள்ளையும் சௌக்கியமாக இருப்பார்கள். ஆனால், போனின் மறுமுனையில் ஓர் ‘அடடா’ கேட்கும். துக்கம் விசாரிக்கிற ‘அடடா’.

ஆக, இந்த ‘சுகம்’ என்ற வார்த்தை குழந்தை வந்த வழியைப் பார்க்கிறது. பெற்ற ஆளைப் பார்ப்பதில்லை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். மேல்நாட்டில் மென்மையான பிரசவம், இயற்கைப் பிரசவம் என்று எழுதப்பட்ட புகழ்பெற்ற புத்தகங்களிலும் இதே குழப்பம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் புத்தகங்களின் பேரன் பேத்திகள்தான் இன்று நகரத்து கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுக்கின்றன, வீடியோவாக வருகின்றன, எட்டாம் மாதத்தில் தூக்கத்தைக் கெடுக்கின்றன. எனவே, தாத்தாவையே ஒரு பிடி பிடிக்கலாம் என்று தோன்றியது.

*

தாத்தாக்களில் மூத்தவர் பிரிட்டிஷ் டாக்டர் கிராண்ட்லி டிக் ரீட். ‘பயம் இருந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், கூடினால் பயம் இன்னும் கூடும்’ என்று 1933-லேயே சொன்னவர். இன்றைக்கும் மறுக்க முடியாத சங்கதி. ஆனால், நான் இங்கே பேச வந்தது அவருக்கு அடுத்த தலைமுறை ஆசாமியைப் பற்றி. பிரெஞ்சு மகப்பேறு டாக்டர் ஃப்ரெடெரிக் லெபாயே. 1974-ல் அவர் எழுதிய ‘வன்முறையில்லாத பிறப்பு’ உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது.

புத்தகத்தைக் கையில் எடுத்தால் மருத்துவப் புத்தகம் என்றே தோன்றாது. உடைத்து உடைத்துப் போட்ட வரிகள், கறுப்பு வெள்ளைப் படங்கள், பக்கம் பக்கமாக வெற்றிடம். கவிதைத் தொகுப்பு மாதிரி இருக்கும். ஒரு படத்தில், பிறந்த குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியிருக்கிறார்கள். அது வீறிட்டு அழுகிறது. சுற்றி நிற்கிற பெரியவர்கள் முகத்தில் சிரிப்பு. லெபாயே கேட்பது ஒரே கேள்விதான். அந்த அழுகையைப் பார்த்து எப்படி சிரிக்க முடிகிறது உங்களால்?

நியாயமான கேள்வி. ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்து முடித்த ஒருவர் கேட்கிற கேள்வி என்பதால், இன்னும் கனம். அவர் சொன்ன வைத்தியமும் சிக்கலானதில்லை. அறையில் விளக்கைக் குறையுங்கள். பேச்சைக் குறையுங்கள். குழந்தையைத் தாயின் வயிற்றின்மேல் படுக்க வையுங்கள். தொப்புள்கொடியில் துடிப்பு அடங்கும் வரை வெட்டாதீர்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெல்ல மிதக்க விடுங்கள். அவ்வளவுதான்.

லெபாயேவுக்கு நம் நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் ஒரு தாய் தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதைப் பார்த்து அசந்துபோய், படமெடுத்து, 1976-ல் அவள் பெயரையே தலைப்பாக வைத்து ‘ஷாந்தலா’ என்று ஒரு புத்தகம் போட்டார். நம் வீட்டுப் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பாளே, அதே சமாச்சாரம். பாரிஸுக்குப் போய் புத்தகமாகி, இன்று ‘பேபி மசாஜ் ஒர்க்‌ஷாப்’ என்று நமக்கே கட்டணத்தோடு திரும்பி வந்திருக்கிறது. பாட்டி அந்தக் காலத்திலேயே ரசீது புத்தகம் அடித்து வைத்திருக்கலாம்.

*

நான் படித்தது பி.காம். மருத்துவத்தில் நுழைய எனக்குப் பாத்தியதை இல்லை. ஆனால், வரவு எழுதவும் பற்று எழுதவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐம்பது வருடக் கணக்கை மூடி, லெபாயேவுக்கு ஓர் ஐந்தொகை போட்டுப் பார்த்தால் என்ன?

வரவுப் பக்கம் கனமாகவே இருக்கிறது. பிறந்ததும் தாயின் மார்பில், தோலோடு தோலாக, குழந்தையைப் போடுவதை இன்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுப்பதையும் சொல்கிறது. அந்த நிமிடங்களில் நஞ்சிலிருந்து குழந்தைக்குப் போகிற ரத்தம், பின்னால் வரும் சோகையைக் குறைக்கிறது. 1974-ல் ‘கவிஞர் உளறுகிறார்’ என்று சிரித்த டாக்டர்களின் மாணவர்கள் இன்று இதைத்தான் பாடமாகப் படிக்கிறார்கள்.

பற்றுப் பக்கத்தில் அந்த வெந்நீர்க் குளியல். பிறந்த குழந்தையை 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்டவே வேண்டாம், உடம்பு ஜில்லிட்டுவிடும் என்கிறது இன்றைய வழிகாட்டுதல். மங்கலான விளக்கும் யோசிக்க வேண்டிய விஷயம். குழந்தை நீலம் பாய்கிறதா, தாய்க்கு உதிரப்போக்கு அதிகமாகிறதா என்று பார்க்க வெளிச்சம் வேண்டுமே!

இந்தக் கணக்கில் சுவாரஸ்யமான பதிவு ஒன்று உண்டு. 1980-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லெபாயே முறையை முறைப்படி சோதித்தார்கள். கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து ஒரு பாதிக்கு லெபாயே முறை. மறு பாதிக்கு வழக்கமான பிரசவம், ஆனால் மென்மையாக. மிரட்டல் இல்லை, அவசரம் இல்லை. முடிவு? தாய்க்கோ குழந்தைக்கோ ஆரோக்கியத்தில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, லெபாயே தேறவில்லை’ என்றார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. மென்மையாக நடந்துகொண்டால், விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும், தொட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் ஒன்றுதான் என்பதல்லவா அந்த முடிவு சொல்வது? வேண்டியது மென்மை. சடங்கு கூடுதல் அலங்காரம்.

அந்தச் சோதனையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. என் விமர்சனமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பிணிகள்.

*

லெபாயே புத்தகத்தை ரத்த அழுத்தம் ஏறிய ஒருத்தி படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கூடினவள், குழந்தை குறுக்கே கிடக்கிறவள், ஏழாம் மாதமே பனிக்குடம் உடைந்தவள் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தகத்தின் பார்வை முழுக்கக் குழந்தையின் வேதனைமேல்தான். தாய், பக்கத்தின் ஓரத்தில் நிழலாக இருக்கிறாள். சிக்கல் வந்த தாய், நிழலாகக்கூட இல்லை.

இது லெபாயே ஒருவரின் குறையல்ல, இந்த வகை எழுத்தின் குறை. மென்மை என்ற விருந்துக்குத் திடகாத்திரமானவர்களுக்கு மட்டும் பத்திரிகை வைக்கிறார்கள். ஒருத்தியின் பி.பி. ஏறிய நிமிடத்திலேயே அவளை வாசலில் நிறுத்தி, ‘நீங்க அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி க்யூவுக்குப் போங்க’ என்று கதவைச் சாத்துகிறார்கள். அந்தப் பக்கம் இருப்பவர்களோ ‘உனக்கு ஹை ரிஸ்க், நீ பேசாதே’ என்கிறார்கள். நடுவில் நிற்கிறவள், தன் உடம்பு தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறாள். உண்மையில், ஆதரவான கை யாருக்கு அதிகம் தேவை? எல்லாம் சரியாக இருக்கிறவளுக்கா, பயத்தில் உள்ளங்கை வியர்க்கிறவளுக்கா?

நேர்மையான முன்னோடிகள் இதை அறிந்தே இருந்தார்கள். அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் 1971-ல் தொடங்கிய ‘தி ஃபார்ம்’ என்ற குடியிருப்பில், ஐனா மே காஸ்கின் தலைமையில் மருத்துவச்சிகள் ஆயிரக்கணக்கான பிரசவங்களை இயற்கையாகப் பார்த்தார்கள். அவர்களின் புகழ் நம்மூர் வரை வந்தது. கூடவே வராமல் நின்றுவிட்ட தகவல் ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் அவர்கள். சிக்கல் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். கதையில் ஆஸ்பத்திரி பாதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் இறக்குமதி செய்தால் என்ன ஆகும்?

2018 ஜூலையில் திருப்பூரில் ஆனது. ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று யூடியூப் வீடியோ துணையோடு வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில், ஓர் இளம்பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். குழந்தை பிழைத்தது. அடுத்த மாதமே கோவையில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் என்று விளம்பரம் செய்தவர் கைதானார். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு வந்தபின் கர்ப்பப்பை சுருங்காவிட்டால், வண்டிக்கு போன் போடக்கூட அவகாசம் இருக்காது. அதைச் சுருக்கும் ஊசியின் விலை சொற்பம். ஆனால், அது கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அதுவும் இயற்கைதான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உதிரப்போக்கும் இயற்கை. ஜன்னியும் இயற்கை. இயற்கைக்கு நம்மேல் தனிப்பட்ட பாசமோ பகையோ கிடையாது.

*

‘எல்லாம் சரி சார், ஆஸ்பத்திரிக்காரர்களை மட்டும் எப்படி நம்புவது?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்வி.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவிகிதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 64 சதவிகிதம். இந்தியா முழுமைக்கும் சராசரி 21.5 சதவிகிதம்தான். தமிழ்ப் பெண்களின் இடுப்பு எலும்பு மட்டும் ஏதோ தனி டிசைனில் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆக, இந்த எண்ணிக்கையில் மருத்துவக் காரணங்களோடு வேறு காரணங்களும் கலந்திருக்கின்றன. வசதி, அவசரம், வழக்குப் பயம், பில், நல்ல நேரம் பார்த்துத் தேதி குறிக்கும் ஜோசியர் என்று பட்டியல் நீளும். சந்தேகப்படுகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன்.

அதே பேரேட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2001-03ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 54. அந்த வித்தியாசத்தில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் வீட்டுக்குத் திரும்பிவந்த ஓர் அம்மா. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்காதவன் கணக்கன் இல்லை.

இப்போது அந்த நிலைமையில் உங்களையே வைத்துப் பாருங்கள். நீங்கள் ஆணாக இருந்தாலும் பரவாயில்லை, ஐந்து நிமிடம்தானே. எட்டாம் மாதம். செக்கப்புக்குப் போகிறீர்கள். பி.பி. 150/100. சிறுநீரில் புரதம். டாக்டர் முகம் மாறுகிறது. ப்ரீ-எக்லாம்ப்ஸியா என்கிறார். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம். முள்ளங்கி சாறு, உப்பில்லாப் பத்தியம், பிராணாயாமம், தியானம். ‘மாத்திரை போட்டா குழந்தைக்கு ஆகாது’ என்று ஒரு சித்தி.

விஷயம் இதுதான். அந்த நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. நஞ்சு வெளியே வந்தால்தான் முழுக் குணம். அதுவரை செய்வதெல்லாம், வலிப்பு வராமல், பக்கவாதம் வராமல், குழந்தைக்குக் கொஞ்சம் நாள் வாங்கிக் கொடுப்பது. தியானம் மனசைத் தேற்றும், தாராளமாகச் செய்யலாம். ஆனால், நஞ்சுக்கொடி தியானத்துக்குக் கட்டுப்படாது. கடுமையான தலைவலி, கண்ணுக்குள் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, முகம் திடீரென்று வீங்குவது, இதில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த வலிப்பைத் தடுக்க டாக்டர்கள் போடும் ஊசி என்ன தெரியுமா? மக்னீசியம் சல்ஃபேட். இங்கிலாந்தில் எப்ஸம் என்ற ஊரின் ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்து உலகத்துக்கு அறிமுகமான உப்பு. நம்மூர் மருந்துக்கடைப் பாஷையில் பேதி உப்பு. 33 நாடுகளில் 10 ஆயிரம் பெண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. இந்த ஊசி, வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்றது. பூமியிலிருந்து வந்த உப்பு! இதைவிட இயற்கை வைத்தியம் கேட்டால் நான் எங்கே போவேன்? அதற்காக உப்பை வாங்கிக் கலக்கிக் குடித்துவிடாதீர்கள். குடித்தால் பெயருக்கேற்ற வேலையை மட்டும்தான் செய்யும்.

இன்னொன்று, ஆஸ்பிரின். இந்த நோய் வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மூன்றாம் மாதம் முடிவதையொட்டியே டாக்டர்கள் தொடங்குகிற சின்ன மாத்திரை. வெகுசீக்கிரமே வந்துவிடும் ப்ரீ-எக்லாம்ப்ஸியாவை அது பாதிக்கும் மேல் குறைத்ததாக 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆஸ்பிரினின் பூர்வீகமும் மரப்பட்டைதான், வில்லோ மரத்துப் பட்டை. சித்தியிடம் சொல்லிப் பாருங்கள்.

*

அப்படியென்றால் மென்மையான வழி என்று ஒன்று கிடையாதா, எல்லாவற்றுக்கும் ஊசிதானா? அங்கேதான் அந்தப் புத்தகங்கள் எழுதத் தவறிய நல்ல அத்தியாயங்கள் இருக்கின்றன. சிக்கலுக்கு உள்ளேயே மென்மை வேலை செய்த கதைகள்.

முதல் கதை நம்ம சென்னையில். கர்ப்ப காலத்துச் சர்க்கரைக்கென்று அரசு பொது மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வி.சேஷையா. கர்ப்பிணியைப் பட்டினி போட்டு, மறுபடி மறுபடி அலையவிட வேண்டாம் என்று அவரும் சகாக்களும் ஒரு சுலப வழி சொன்னார்கள். சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. பஸ் பிடித்து வருகிற கூலிக்காரப் பெண்ணை மனசில் வைத்து யோசித்த முறை. சர்க்கரை இருந்தால்? முதலில் மருந்து இல்லை. இரண்டு வாரம் சாப்பாட்டு மாற்றம், நடை. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள் நிற்காவிட்டால்தான் மருந்து. பாருங்கள், இயற்கை வைத்தியம் இங்கே வாசலில் நிற்கவில்லை, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கூடவே ஓர் அளவுகோலும் கெடுவும் இருக்கிறது. கெடு இல்லாத நம்பிக்கைக்கு எங்கள் பாஷையில் வாராக்கடன் என்று பெயர்.

இரண்டாவது, குழந்தையின் தலை மேலே, பிருஷ்டம் கீழே என்று இருக்கிற நிலை. 37-வது வாரத்தையொட்டி, அனுபவமுள்ள டாக்டர் வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்து மெல்ல மெல்லக் குழந்தையைத் திருப்பிப் பார்க்கலாம். கத்தி இல்லை. ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பலிக்கிறது. ஆனால், குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்தபடி, தியேட்டர் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். எத்தனை பேருக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்றே சொல்லப்படுகிறது என்பது வேறு கேள்வி.

மூன்றாவது, அதே ஐனா மே காஸ்கின். தலை வெளியே வந்து தோள் சிக்கிக்கொள்வது பிரசவத்தில் பயங்கரமான கணம். சர்க்கரை உள்ள தாய்மார்களின் பெரிய குழந்தைகளுக்கு அதிகம் நேர்வது. அப்போது தாயைக் கையும் காலும் ஊன்றி, குழந்தை தவழ்வது மாதிரி திருப்பினால் தோள் விடுபடும். குவாத்தமாலாவின் பூர்வகுடி மருத்துவச்சிகளிடமிருந்து வந்த வித்தை. இன்று மகப்பேறு மருத்துவத்தில் காஸ்கின் பெயராலேயே வழங்குகிறது. கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கும் டாக்டரும், எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று அறிந்த மருத்துவச்சியும் இருந்தால் இப்படி நடக்கும்.

நான்காவது, கங்காரு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டிவைத்தார்கள். வேறு வழியில்லாமல் செய்தது. 2021-ல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு, எடை குறைந்த குழந்தைகளை நிலைமை சீராகும் வரை காத்திராமல் பிறந்த கையோடு இப்படி மார்பில் போட்டால் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்றது. மிகவும் பலவீனமான குழந்தைக்குத்தான் மென்மை அதிகம் பலித்திருக்கிறது!

ஐந்தாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. லண்டன் குயீன் சார்லட்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் விவரித்தது ‘இயற்கையான சிசேரியன்’. சர்க்கரை பொங்கலில் கருவாடு என்பது போலத் தலைப்பு. விஷயம் இதுதான். ஆபரேஷனில் குழந்தையின் தலை வெளியே வந்ததும் மறைப்புத் துணியை இறக்கிவிடுகிறார்கள், அம்மா பார்க்கட்டும் என்று. குழந்தையை வெடுக்கென்று இழுக்காமல், அதுவே மெல்ல வெளியேறக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கிறார்கள். அம்மாவின் மார்பு காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக, மானிட்டர் ஒயர்களை முன்கூட்டியே வேறு இடத்தில் ஒட்டிவிடுகிறார்கள். நேராக மார்புக்கு வருகிறது குழந்தை. லெபாயே கேட்டதில் பாதி அங்கே கிடைத்துவிட்டது. கத்தியும் இருந்தது, வெளிச்சமும் இருந்தது. மென்மைக்கு இடம் பற்றாமல் போகவில்லை.

கடைசியாக, ஒரு பைசா செலவில்லாத மருந்து. கூட ஓர் ஆள். பிரசவ நேரம் முழுக்கக் கையைப் பிடித்தபடி ஒருவர் பக்கத்தில் இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலிமருந்தின் தேவை குறைகிறது என்று 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளின் தொகுப்பு 2017-ல் சொன்னது. தமிழக அரசு 2004-லேயே அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைக்கு அனுமதி கொடுத்த முன்னோடி மாநிலம். அனுமதி காகிதத்தில் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் வாசலில் இருக்கிற வாட்ச்மேனுக்குத் தெரியுமா என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வது உத்தமம்.

*

மென்மை என்று பெயர் வைத்ததெல்லாம் மென்மையும் அல்ல. ‘பெட் ரெஸ்ட்’ எடுத்துக்கொள் என்று மாதக்கணக்கில் படுக்கப்போடுகிறோமே, கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! அது குறைப்பிரசவத்தைத் தடுப்பதாகவோ பி.பி. பிரச்னையைத் தடுப்பதாகவோ நிரூபணம் இல்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது என்பதால், வழக்கமாகச் சொல்லாதீர்கள் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு. வலி வருவதற்கு விளக்கெண்ணெய் கொடுப்பதும் அதே ரகம். வயிறு கலங்குவது நிச்சயம். ஏற்கெனவே சிசேரியன் தழும்பு உள்ள கர்ப்பப்பையில் விளையாடுகிற விளையாட்டல்ல அது.

எனவே, டாக்டர் சொன்னாலும் சரி, சித்தி சொன்னாலும் சரி, வீடியோ சொன்னாலும் சரி, நான்கு கேள்வி கேளுங்கள். இதனால் என்ன லாபம்? என்ன நஷ்டம்? வேறு வழி உண்டா? கொஞ்சம் பொறுத்தால் என்ன ஆகும்? லோன் வாங்கும்போது கேட்கிற கேள்விகள்தான். டாக்டர் எரிந்து விழுந்தால், நேரமிருந்தால், வேறு டாக்டர். அவசரமென்றால் நம்பிக் கையெழுத்துப் போடுங்கள். கேள்விகளை நாலாம் மாதமே கேட்டுவைத்திருந்தால் அந்தக் கையெழுத்து நடுங்காது.

இயற்கைப் பிரசவப் புத்தகம் எதையாவது வாங்கப் போகிறீர்களா? வாங்குங்கள், லெபாயேவையும் படியுங்கள். பிறந்த குழந்தையின் அழுகையை நம் காதில் போட்டதற்காக அவருக்கு ஒரு வணக்கம் பாக்கி இருக்கிறது. ஆனால், காசு கொடுக்குமுன் கடையிலேயே நின்று ஒன்றைத் தேடிப் பாருங்கள். சிக்கல் வந்தால் என்ன செய்வது, அப்போதும் உன்னை மரியாதையாக எப்படி நடத்த வேண்டும் என்று எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது? இல்லையென்றால் அது பாதிப் புத்தகம். பாதி விலை கேளுங்கள்.

இயற்கையாக நடக்க வேண்டும் என்று ஆசைப்படலாம். அது நம் கையில் முழுக்க இல்லை. மென்மையாக நடத்த வேண்டும் என்று கேட்கலாம். அது முழுக்க மனிதர்கள் கையில் இருக்கிறது. முதலாவது கிடைக்காதவளுக்கு இரண்டாவதையும் மறுப்பதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

அடுத்த முறை போன் வந்தால், அந்த இரண்டாவது கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம் செய்யுங்கள். ‘சுகப்பிரசவமா?’ வேண்டாம்.

‘அவ சுகமா இருக்காளா?’ போதும்.